மதகு சாரின் கறுப்பு வெள்ளைக் கோடை

ஒரே கோடையில் எங்கள் தெருவில் பாதிப் பேரை உயிரோடு இருக்கும்போதே சாகடித்த பெருமை, எனக்குத் தெரிந்து, மதகு சார் ஒருவருக்குத்தான் உண்டு. கத்தி எடுக்கவில்லை, மருந்து வைக்கவில்லை. கழுத்தில் ஒரு கேமரா தொங்கியது, கையில் ஒரு போன் இருந்தது, அவ்வளவுதான். கொரோனா எங்கள் தெருமுனையில் உள்ளே வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த அந்த முதல் ஊரடங்கில், அவர் முந்திக்கொண்டு வரிசையாக ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தார்.

தஞ்சாவூரில் புது ஆற்றை ஒட்டிய சின்னத் தெரு எங்களுடையது. அங்கே கடைசி வீடு மதகு சாருடையது. அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கடைக்காரருக்கும் மாதா கோயில் சாமியாருக்கும் மட்டும்தான் தெரியும். வேலையில் இருந்த காலமெல்லாம் ஒரு பெரிய மதகுக்குக் காவல் இருந்தவர். தினமும் காலை ஆறு மணிக்கு ஆற்றில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று அளவுப் பலகையைப் பார்த்து ஆபீசுக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும். புயலோ, காய்ச்சலோ, ஒரு நாள் விட்டதில்லை. கல்யாணத்தன்றைக்கும் அளவு பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் கோயிலுக்கு வந்தாராம். அவர் மனைவி இருந்தவரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை என்பதால், சார் தன் வீட்டில் ரகசியம் பேசினால் எங்கள் வீட்டில் நாங்கள் குக்கரை அணைத்துவிட்டுக் கேட்போம்.

மனைவி போன பிறகு வீட்டில் அவரும் மகள் ஸ்டெல்லாவும்தான். ஸ்டெல்லா நர்ஸ். ஊரடங்கு வந்ததும் அவளைக் கொரோனா வார்டில் போட்டுவிட்டார்கள். டியூட்டி முடிந்தால் ஹாஸ்டல், ஹாஸ்டல் விட்டால் டியூட்டி. ஸ்கூட்டியில் கால் மணி நேரத் தூரத்தில் வீடு இருந்தும் வர வழியில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அப்பாவும் மகளும் வீடியோ காலில் பேசுவார்கள். தெருவே கேட்கும்.

அப்படித்தான் அந்தப் பேச்சும் எங்கள் காதில் விழுந்தது. ஸ்டெல்லா சொன்னாள்: "அப்பா, நாள் முழுக்க மாஸ்க்கத்தாம்ப்பா பாத்துக்கிட்டிருக்கேன். யாரு சிரிக்கிறாங்க, யாரு அழுவுறாங்கன்னே தெரியல. நேத்து ஒருத்தரு போயிட்டாரு. கடைசி வரைக்கும் அவரு என் மூஞ்சியப் பாக்கவே இல்லப்பா. எனக்கு ஒரு நாளைக்கு ஒரு மூஞ்சி அனுப்புங்க. நம்ம தெரு மூஞ்சி, மாஸ்க் இல்லாம. அதப் பாத்துட்டு அந்தக் கொரோனா டிரஸ்ஸ மாட்டிக்கிட்டு வார்டுக்குள்ள போயிடுவேன்."

பிறகு சார், அணைக்கட்டுக்கே கேட்கிற மாதிரி, "ஒரு நாள் விடாம வரும்மா" என்றார்.

அவரிடம் ஒரு கேமரா இருந்தது. ஸ்டெல்லா முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. அதுவரைக்கும் ஆற்றங்கரையில் கொக்குகளை எடுத்துக்கொண்டிருந்தார். என்றைக்கோ கை தவறி எதையோ அழுத்தியதில் அந்தக் கேமரா கறுப்பு வெள்ளைக்கு மாறிவிட்டது. திரும்பக் கலருக்குக் கொண்டுவர அவருக்குத் தெரியவில்லை. யாரிடமும் கேட்கவும் மனமில்லை. கேட்டவர்களிடம், "கலர் கண்ண ஏமாத்தும்ங்க. உண்மை கறுப்பு வெள்ளையிலதான் நிக்கும்" என்று சொல்லிவிட்டார். நாங்களும் அது ஏதோ பெரிய கலை என்று வாயை மூடிக்கொண்டோம்.

முதல் நாள் மாட்டியவர் எச்.எம். பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மாடியில் நின்று பல் துலக்கிவிட்டு வாய் கொப்பளித்த மனிதரை, சார் கீழே தெருவில் நின்று ஜூம் போட்டு எடுத்தார். முகம் நன்றாகவே விழுந்தது. வானத்தைப் பார்த்து லேசாகச் சிரிக்கிற மாதிரி ஒரு சாந்தம். அதை ஸ்டெல்லாவுக்கு அனுப்பினார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் வேலையில் இருந்தபோது அளவு அறிக்கைக்கு எப்போதும் ஒரு நகல் போகும். நகல் அனுப்பாமல் அவருக்கு எதுவும் முடிந்ததாகாது. எனவே தெருவின் வாட்ஸப் குழுவுக்கு ஒரு நகல். அறிக்கை என்றால் விவரம் வேண்டுமே. படத்துக்குக் கீழே முழுப் பெயர், வயது, வீட்டு எண், தேதி, நேரம் எல்லாம் எழுதிவிட்டார்.

நீங்களே சொல்லுங்கள். விடிந்தும் விடியாத நேரம். நாட்டில் நோய். போனைத் திறந்தால் எச்.எம்மின் கறுப்பு வெள்ளைப் படம், கீழே பெயர், வயது, தேதி, நேரம். நம் ஊரில் ஒரு மனிதனின் படம் எப்போது இப்படி வரும்? சுவரில் ஒட்டினாலும் சரி, பேப்பரில் போட்டாலும் சரி, அதற்கு ஒரே அர்த்தம்தான். எனக்குக் கையில் இருந்த காபி புடவையில் கொட்டியது.

நான் கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள் குழுவில் இரங்கல் குவிந்துவிட்டது. கைகூப்பிய பொம்மைகள், வாடிய ரோஜாக்கள், ஓடும் மேகங்களுக்கு நடுவே விளக்குகள். குழுவின் அட்மினான ஜவுளிக்கடைக்காரர், தன் வாழ்நாளில் இப்படி ஒரு ஆசிரியரைக் கண்டதில்லை என்று நீளமாக எழுதினார். போன வாரம்தான் குப்பைத் தொட்டி விஷயமாக இருவரும் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டிருந்தார்கள். எச்.எம்மின் பழைய மாணவன் ஒருவன் கவிதையே போட்டுவிட்டான். எல்லாவற்றையும் எச்.எம். பொறுமையாகப் படித்திருக்கிறார். பிறகு அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. தான் உயிருடன் இருப்பதாகவும், கவிதையில் இரண்டு சந்திப்பிழைகள் இருப்பதாகவும் எழுதியிருந்தார்.

இவ்வளவு நடந்த பிறகு வேறு மனிதராக இருந்தால் அடங்கியிருப்பார். மதகு சாருக்கு நாங்கள் ஏன் அதிர்ந்தோம் என்பதே புரியவில்லை. படம் நன்றாக வந்திருக்கிறது, விவரம் சரியாக இருக்கிறது, இதில் என்ன குறை என்றார். ஸ்டெல்லாவுக்கு அந்தப் படம் ரொம்பப் பிடித்துவிட்டதாம். எச்.எம். சாருக்குக் கன்னத்தில் குழி விழும் என்று அவளுக்கு இத்தனை வருஷமாகத் தெரியாதாம். அது போதும் அவருக்கு.

அடுத்தடுத்த நாட்களில் பால்காரர் போனார், அயர்ன் கடைக்காரர் போனார், மூன்றாம் வீட்டு மருமகள் வயிற்றில் பிள்ளையோடு போனாள். டீச்சர் என்று விட்டுவைக்கவில்லை, என் முறையும் வந்தது. வாசலில் கோலம் போட்டு நிமிர்ந்தவளை எடுத்துவிட்டார். எங்கிருந்தோ படம் என் கல்லூரித் தோழிக்குப் போய், அவள் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, பேச முடியாமல் தேம்பியிருக்கிறாள். அவர் நிதானமாக, "இப்பத்தாங்க இட்லிக்கு ஊத்திக்கிட்டிருக்கா. முடிச்சதும் பேசச் சொல்றேன்" என்றார். அதிர்ச்சியில் என் தோழி அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. நான் போனதைவிட நான் போகாததுதான் அவளை அதிகம் பாதித்திருக்கிறது.

மெயின் ரோட்டில் மாஸ்க் போடாதவர்களைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட வைத்துக்கொண்டிருந்தார் ஒரு போலீஸ்காரர். அவரிடமே நேரே போய் நின்று, மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்கச் சொன்னார் சார். நான் காய்கறிப் பையோடு பின்னால் நின்றிருந்தேன். போலீஸ்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். சார் தன் குரலை முடிந்தவரை தாழ்த்தி மகளைப் பற்றிச் சொன்னார். அதாவது ரோட்டின் அந்தக் கடைசி வரைக்கும்தான் கேட்டது. போலீஸ்காரர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தடுப்புக்குப் பின்னால் போய், மாஸ்க்கை இறக்கி, மீசையை நீவிக்கொண்டு நின்றார். பல் தெரியச் சிரிக்கட்டுமா என்று வேறு கேட்டார். மறுநாள் அவர் படத்துக்கும் எங்கள் குழுவில் நாலைந்து பேர் மலரஞ்சலி செலுத்தினார்கள்.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது தேங்காய் மண்டிக்காரர் விவகாரம். பட்டுக்கோட்டைக்காரர், சார் வீட்டுக்கு எதிர்வீட்டில் குடியிருந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்தவரை ஜன்னல் வழியாக எடுத்தார் சார். நாங்கள் பழகிவிட்டோம், பதறவில்லை. ஆனால் யாரோ ஒரு புண்ணியவான் அதை நன்னிலத்துக்கு அனுப்பிவிட்டான். அங்கேதான் மண்டிக்காரரின் மாமியார் வீடு. போன் போட்டுக் கேட்கக்கூடத் தோன்றாமல் அவர்கள் ஒரு காரைப் பிடித்து, மாலையும் கையுமாகக் கிளம்பிவிட்டார்கள். அப்போது மாவட்டம் விட்டு மாவட்டம் வரக் கூடாது. வழியில் நிறுத்தியவர்களிடம் போனில் இருந்த படத்தைக் காட்டி மாமியார் அழுத அழுகையில், யாருக்கும் தடுக்க மனம் வரவில்லையாம்.

கார் எங்கள் தெருவுக்குள் வந்தபோது மண்டிக்காரர் கேட்டில் சாய்ந்துகொண்டு பலாச்சுளை தின்றுகொண்டிருந்தார். "என்னப் பெத்த ராசா" என்று தலைவிரி கோலமாக இறங்கிய மாமியார் அவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். இவரும் மாலையைப் பார்த்துவிட்டு வாயில் இருந்த சுளையை மெல்ல மறந்துவிட்டார். வெளி மாவட்டத்துக்காரர்கள் வந்தார்கள் என்று தகவல் போய், அன்றைக்குச் சாயங்காலமே அந்த வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். பதினாலு நாள் யாரும் வெளியே வரக் கூடாது. மாமியார், மாமனார், மச்சினன் மூன்று பேரும் உள்ளே. வெளியில் வந்து எங்களிடம் புலம்பக்கூட மண்டிக்காரருக்கு வழியில்லாமல் போயிற்று.

அன்றைக்கே அட்மின் தீர்ப்பு சொல்லிவிட்டார். இனி குழுவில் யாருடைய படமும் வரக் கூடாது. சாரும் ஒன்றும் சொல்லாமல் ஒப்புக்கொண்டார், நகல் அனுப்புவதை நிறுத்தினார். ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை. அந்தக் கேமராவில் விழுந்தால் ஆகாது என்று தெருவில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. அதுவரை மாஸ்க்கைத் தாடையில் தொங்கவிட்டுத் திரிந்தவர்கள்கூட, சாரின் தலை தெரிந்ததும் கண்வரைக்கும் ஏற்றிக்கொண்டார்கள். சுகாதார ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டு, ஊரிலேயே ஒழுங்கான தெரு இதுதான் என்று பாராட்டிவிட்டுப் போனார்.

சாருக்கு முகம் கிடைக்காமல் போயிற்று. ஒரு நாள் ஆட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். அன்றைய வீடியோ காலில் ஸ்டெல்லா, "ஆடு அழகா இருக்குப்பா. ஆனா அது மாஸ்க் போடாதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும்" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். ஆனால் குரல் சிரிக்கவில்லை. அவளுடன் வேலை பார்த்த பெண்ணுக்கே நோய் வந்துவிட்டது என்று அதே பேச்சில் தெரிந்தது. மறுநாள் நானே போய் அவர் வீட்டு வாசலில் நின்று மாஸ்க்கை இறக்கினேன். அந்த வாரத்தில் ஸ்டெல்லா என் முகத்தை மட்டும் மூன்று தடவை பார்த்தாள். நான்காம் தடவை சாருக்கே கூச்சமாகிவிட்டது போலிருக்கிறது. "எத்தன தரம்தான் உங்களத் தொந்தரவு பண்றது டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனவரை அதற்குப் பிறகு இரண்டு நாள் வெளியில் காணோம்.

வீடியோ கால் சத்தமும் இல்லை. பால் பாக்கெட் கேட்டிலேயே தொங்கியது. போன் அடித்தால் எடுக்கவில்லை. சரி, கோபமாக இருப்பார், தெருவே அவரை ஒதுக்கியிருக்கிறது, மனிதருக்குக் கோபம் வராதா என்று நாங்களாகச் சமாதானம் செய்துகொண்டோம்.

மூன்றாம் நாள் விடிகாலை. குழுவில் ஒரு படம் வந்து நின்றது. கறுப்பு வெள்ளை. மதகு சார். நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறது. கண் மூடியிருக்கிறது. தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. தாடையைச் சேர்த்து உச்சந்தலையில் வெள்ளைத் துணியால் முடிச்சுப் போட்டிருக்கிறது. செத்தவர்களுக்கு வாய் திறந்துகொள்ளாமல் கட்டுவோமே, அதே கட்டு. கீழே பெயர் இல்லை, வயது இல்லை, ஒரு எழுத்து இல்லை. அதெல்லாம் எழுதுகிறவர் அவர் ஒருவர்தானே.

குழுவில் யாரும் ரோஜா போடவில்லை. விளக்கு போடவில்லை. ஒருவர்கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. அதற்குள் தெருவில் கதவுகள் திறக்கிற சத்தம் கேட்டது. நானும் நைட்டி மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு ஓடினேன். செருப்பு போடவில்லை, மாஸ்க்கும் போடவில்லை. யாருமே போடவில்லை.

எச்.எம். எனக்கு முன்னால் வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். எழுபது வயது மனிதர் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அட்மின் தலையில் தலையில் அடித்துக்கொண்டார். "நான்தாங்க அவர நிறுத்தச் சொன்னேன். எதுத்து ஒரு வார்த்த பேசல அந்த மனுஷன்" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார். எதிர்வீட்டில் நோட்டீஸ் ஒட்டிய கதவைத் திறந்துகொண்டு நன்னிலத்து மாமியார் வாசல்படிக்கு வந்தார். என்ன விஷயம் என்று மருமகன் சொன்னதும், வந்த நாளிலிருந்து உபயோகமில்லாமல் உள்ளேயே கிடந்த ஒப்பாரியை எடுத்துவிட்டார். அவருக்குச் சாரை இன்னார் என்றுகூடத் தெரியாது. ஆனாலும் தெருவே கலங்குகிற மாதிரி அழுதார்.

அப்போது என் போன் அடித்தது. ஸ்டெல்லா. எடுக்கவா வேண்டாமா என்று தெரியவில்லை, விரல் தானாக எடுத்துவிட்டது.

"ஆன்ட்டி, அப்பாவக் கொஞ்சம் பாருங்களேன். இன்னக்கிப் போட்டோ வரல. பல்லு வீங்கி ரெண்டு நாளாப் பேச முடியலன்னு மெசேஜ் போட்டிருந்தாங்க. போட்டோ மட்டும் எப்படியும் வந்துடும் ஆன்ட்டி. நான் டிரஸ் மாட்டாம வெயிட் பண்ணிக்கிட்டிருக்கேன். உள்ள போவணும்."

பல் வீங்கி என்கிற வார்த்தை என் காதுக்குள் போனதே தவிர மண்டைக்குள் போகவில்லை. அவளுக்கு என்ன பதில் சொல்வது? நாலைந்து கிலோமீட்டர் தூரத்தில் ஒரு பெண் அப்பாவின் படத்துக்காக நிற்கிறாள், அந்தப் படம் எங்கள் எல்லாருடைய கையிலும் இருக்கிறது.

கதவு திறந்தது.

மதகு சார் நின்றார். வலது கன்னம் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. ஊரில் ஒரு பல் டாக்டரும் திறக்காத காலம் அது. வாய்க்குள் கிராம்பை அடக்கி, தாடையோடு சேர்த்துத் துண்டை இழுத்துக் கட்டியிருந்தார். வெளியில் போய் யாரையும் எடுக்க முடியாமல், இரண்டு நாள் பழைய படங்களை அனுப்பிச் சமாளித்துவிட்டு, அன்றைக்குக் கேமராவை ஸ்டூலில் வைத்துத் தன்னையே எடுத்திருக்கிறார். ஃப்ளாஷ் அடித்ததும் கண்ணை மூடிவிட்டார். வலியோடு அனுப்பியதில் மகளுக்குப் போக வேண்டியது குழுவுக்கு வந்துவிட்டது. அனுப்பியவர் பெயரை எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. இதெல்லாம் பிறகு அவர் எழுதிக் காட்டியது. அந்த நிமிடத்தில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், பிணம் கதவைத் திறந்துகொண்டு வந்து நிற்கிறது என்பதுதான். மாமியாரின் ஒப்பாரி பாதியில் அறுந்தது. அட்மின் அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டார்.

சார் எங்களைப் பார்த்தார். இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை ஒவ்வொருவராகப் பார்த்தார். முதலில் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு எதையோ கண்டுகொண்ட மாதிரி கண் விரிந்தது. கையைத் தூக்கி, அப்படியே நில்லுங்கள் என்று காட்டிவிட்டு உள்ளே ஓடினார். கேமராவோடு திரும்பி வந்தார்.

மூக்கு ஒழுக, கண்ணீர் வழிய, வாய் பிளந்தபடி நின்ற எங்கள் தெருவை மதகு சார் எடுத்தார். யாரும் முகத்தை மூடவில்லை, யாரும் உள்ளே ஓடவில்லை. எச்.எம். கையால் கண்ணைத் துடைக்கப் போனார். சார் விரலை ஆட்டி, கையை இறக்கச் சொன்னார். அவரும் இறக்கினார்.

போனில் ஸ்டெல்லா, "ஆன்ட்டி, இருக்கீங்களா? அப்பா என்ன பண்றாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உனக்குத்தாம்மா போட்டோ எடுக்குறாரு. ரெண்டே நிமிஷம்" என்றேன். அதைச் சொல்வதற்குள் எனக்கு மறுபடியும் அழுகை வந்துவிட்டது.

படம் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிப் பார்த்தாளாம். எல்லாரும் ஏன் அழுகிறோம் என்று கேட்டதற்கு, சார் ஒரே வரியில், நான் இறந்துவிட்டேன் என்று நினைத்தார்கள் என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பில், பக்கத்தில் இருந்த நர்ஸ்கள் எல்லாம் வந்து போனை வாங்கிப் பார்த்தார்களாம். பிறகு டிரஸ்ஸை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாளிலிருந்து சாருக்கு முகத்துக்குப் பஞ்சமில்லை. அட்மின் தலை வாரிப் பவுடர் போட்டுக்கொண்டு முதல் ஆளாக நின்றார். ஸ்டெல்லா வீடு திரும்பும்வரை ஒரு நாள் விட்டுப்போகவில்லை. அப்புறம் அவளுக்குத் திருச்சியில் கல்யாணமாகி, சாரும் கூடவே போய்விட்டார். அங்கே எந்தத் தெருவைப் பதறவைத்துக்கொண்டிருக்கிறாரோ தெரியாது.

அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு அவர்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார்களாம். வருகிறவர்கள் எல்லாம் பார்க்கிறார்களாம். அதில் இடது ஓரத்தில், நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு பார்க்கச் சகிக்காமல் நிற்பது நான்தான். இருக்கட்டும், நான் ஒன்றும் சொல்லவில்லை.